நாதிர் அண்ணையை அனுப்பியது யார்

என் பிரியமான நாதிர் அண்ணைக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. மண்ணுக்குள் போய் ஐந்து வருடம் கடந்த மனிதரிடம் சுகம் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் கடிதம் அப்படித்தான் தொடங்கும், வேறு மாதிரி எனக்கு வராது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த தமிழ் 'அண்ணை', 'ஓம்', 'சோறு' என்ற மூன்று சொற்கள்தான். உங்கள் மொழியில் எனக்கு அதுவும் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டது ஜெர்மன் மாதிரியான ஒன்று, ஜெர்மன்காரர் கேட்டிருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். அந்தப் பேச்சைத் தமிழில் எழுதும்போது நீங்களும் உங்கள் ஆட்களும் என் ஊர் மன்னாரில் பிறந்தவர்கள் போலத் தெரிவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை எங்கள் சனம் இங்கே நடத்தும் ஒரு சிறு சஞ்சிகைக்குக் கொடுக்கப்போகிறேன். எதற்கு இதை ஊரறியச் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

வாசிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் காபூலில் திரொலி பஸ் ஓட்டியவர், மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுமே, அந்த பஸ். மறுபடியும் இராணுவத்துக்குப் பிடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, மனைவியையும் மகளையும் பெஷாவரில் விட்டுவிட்டு இங்கே வந்தீர்கள். ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், பழைய இராணுவக் குடியிருப்பு ஒன்றை அகதி விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஹைம் என்போம். அங்கே உங்களுக்கு அடுத்த அறை எனக்கு. எனக்கு இருபத்துநாலு வயது, உங்களுக்கு நாற்பது தாண்டியிருக்கும். நான் வந்த முதல் நாள் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவைத் தட்டி ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீர் நீட்டினீர்கள். அடுத்த நாளும் நீட்டினீர்கள். மூன்றாம் நாள் உங்கள் கதவை நான் தட்டினேன்.

ஊருக்குள் போகும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னாசனம்தான் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் உங்கள் கால் பிரேக் அடிக்கும். அந்த ஊர்ச் சாரதி ஒருவர் அதைக் கண்ணாடியில் கண்டுபிடித்து, "ஹெர் நாதிர், நிற்பாட்டட்டுமா?" என்று பகிடி விட்டது நினைவிருக்கிறதா? அந்தப் பகிடியை ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் நாட்டு ஆட்சி விழுந்த செய்தி தொண்ணூற்றிரண்டு வசந்தகாலத்தில் வந்தது. பொதுஅறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஹைமில் இருந்த ஆப்கானியர் முழுப்பேரும் நின்றார்கள். பிறகு கட்டிப்பிடித்தார்கள். கரீம், ஹுசைனின் நெற்றியில் முத்தமிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கரீம் தாஜிக், சுன்னி. ஹுசைன் ஹசாரா, ஷியா, உங்கள் மனைவியின் சொந்தத் தம்பி. இந்தப் பெயர்ப்பலகை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் எனக்கு ஆப்கானியர், அவ்வளவுதான்.

அன்று ஹைமில் இருந்த எங்கள் புஷ்பா அக்காவின் பெரிய கிடாரத்தை இரவல் வாங்கிச் சமைத்தீர்கள். கரட்டும் முந்திரிவற்றலும் போட்ட சோறு. கரீமும் ஹுசைனும் ஒரே அகப்பையை மாறி மாறி வாங்கிக் கிண்டினார்கள். அக்கா வாசலில் நின்று பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "பாத்தியே ஜெறோம், சண்டை முடிஞ்சால் மனுசர் எப்பிடிச் சிரிக்கினம். எங்களுக்கும் ஒரு நாள் வரும் பார்," என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எங்கடை இயக்கக்காரர் ஆட்சி விழும் வரைக்கும் பொறுக்கேல்லை அக்கா, அதுக்கு முன்னமே தங்களுக்கை அடிபட்டு முடிச்சிட்டினம்," என்றேன். "உனக்கு எப்ப பார்த்தாலும் ஒரு கொடுக்கு," என்று என் முதுகில் ஒன்று போட்டார்.

கோடையில் வானொலிகள் பிரிந்தன. கரீமின் அறையில் ஒன்று, ஹுசைனின் அறையில் ஒன்று. ஒரே நிலையத்தின் ஒரே செய்தி இரண்டு அறைகளிலும் ஓடும், கேட்டு முடிந்ததும் இரண்டு விதமான கோபம் வெளியே வரும். விழுந்த ஆட்சியின் நாற்காலி யாருக்கு என்று காபூலில் நாலு படை நாலு பக்கமும் நின்று குண்டு எறிந்துகொண்டிருந்தன. எந்தப் படையில் எந்த இனம், எந்தப் பிரிவு என்று நான் சமையலறையில் நின்றே கற்றுக்கொண்டேன். இரண்டு மின்னடுப்பு, எட்டுச் சூட்டுத் தட்டு. இடது அடுப்பு கரீமின் ஆட்களுக்கு, வலது அடுப்பு ஹுசைனின் ஆட்களுக்கு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. நாங்கள் தமிழர் இரண்டு பக்கமும் கடைசித் தட்டுகளில் ஒதுங்கிச் சமைத்தோம்.

நீங்கள் மட்டும் எங்கள் சட்டியில் உங்கள் உருளைக்கிழங்கைப் போட்டீர்கள். உங்கள் தகப்பன் தாஜிக், தாய் ஹசாரா, மனைவி ஹசாரா. கரீம் உங்களை எங்கடை ஆள், அங்கே கலியாணம் கட்டிக் கெட்டுப்போனார் என்பார். ஹுசைன், என் மச்சான்தான், ஆனாலும் இரத்தம் அங்கே என்பார். நீங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு வந்து என் மேசையில் இருப்பீர்கள்.

ஒரு நாள் ஒரு விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் உங்கள் பஸ் பாதையைக் கீறிக் காட்டினீர்கள். மேற்கில் மாவுக் களஞ்சியம் தொடங்கி நகர நடு வரைக்கும் தரிப்புகள். இந்தத் தரிப்பு இப்போது இவர்களிடம், அடுத்தது அவர்களிடம், பாலத்தடி வேறு ஆட்களிடம். "என்ரை பஸ் இப்ப ஓடினால் நாலு அரசாங்கத்துக்குள்ளாலை போகவேணும்," என்றீர்கள். சிரித்தோம். பிறகு பெஷாவரிலிருந்து செய்தி வந்தது, பஸ்ஸின் மின்கம்பியை அறுத்துச் செப்புக்கு விற்றுவிட்டார்களாம். அன்று நீங்கள் அழுதீர்கள். ஆள் செத்த செய்திகளுக்கெல்லாம் அழாமல் இருந்தவர் கம்பிக்கு அழுகிறாரே என்று நான் ஒரு கணம் உங்களைத் தவறாக நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் கேட்டீர்கள். "ஜெறோம், உங்கடை ஊரிலை முஸ்லிம் ஆக்கள் இருக்கினமோ?"

"இருந்தவை," என்றேன்.

"இப்ப?"

"போயிட்டினம்."

"எங்கை?"

நான் தேங்காய்ப்பூ வாங்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். நான் நாட்டை விட்டுப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் எங்கள் இயக்கத்துப் பொடியள் அவர்களை ஒலிபெருக்கியில் அறிவித்துப் போகச் சொன்னார்கள். எங்கள் வளவுக்கு அடுத்த வளவுக்காரர் ஒரு கைப்பையோடு கடற்கரைக்குப் போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதை உங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த முறை என்னிடம் தேநீர் நீட்டியிருப்பீர்களா?

அடுத்த வருடத் தொடக்கத்தில், காபூலில் கரீமின் ஆட்களும் ஹுசைனின் ஆட்களும் நேருக்கு நேர் மோதிய செய்தி வந்த அன்று, சமையலறையிலும் மோதினார்கள். யார் முதலில் தள்ளியது என்று தெரியாது. கொதித்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து ஒருவரின் முழங்கை வரை வெந்தது. பொலிஸ் வந்தது. அது வெளியே வெளிநாட்டவரைப் பிடிக்காதவர்கள் அகதி விடுதிகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த காலம். வாசலில் காவல் போட்டு எங்களைக் காப்பாற்றியவர்கள் உள்ளே வந்து எங்களை விலக்கிவிட வேண்டியிருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் விடுதிப் பொறுப்பாளர் பிராவ் கெர்பர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுசி இல்லை. களைத்துப்போயிருந்தார். மேசையில் ஒரு கட்டம்போட்ட தாளையும் பேனாவையும் வைத்தார். "ஹெர் ஜெறோம், நீங்கள் இரண்டு பக்கமும் இல்லை. உங்களுக்கு எல்லாரையும் தெரியும். யாரை யாரோடு வைத்தால் இரத்தம் வராது என்று எழுதித் தாருங்கள். சிலரை வேறு விடுதிக்கு மாற்றப்போகிறோம்," என்றார்.

இரண்டு வருடமாக இந்த நாட்டில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. பெயர், பிறந்த திகதி, கையொப்பம் தவிர. ஒரு கதிரை தந்து, கோப்பி தந்து, நீங்கள் சொல்லுங்கள் என்று முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிமட்டம் வாங்கிக் கோடு கீறினேன், அண்ணை. பெயர், அறை எண், இனம், பிரிவு. சமையலறையில் பொறுக்கிய அறிவு முழுவதையும் அழகான எழுத்தில் நிரப்பினேன்.

எண்பத்துமூன்றில் கொழும்பில் என் மாமா வீட்டுக்கு, தமிழர் வீடுகளைக் கொளுத்தியவர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அந்தக் கதையைப் பதினாறு வயதில் எங்கள் வீட்டில் கேட்டவன் நான். அப்படிப்பட்ட நான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். நல்லதுக்குத்தானே எழுதுகிறோம் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்களோ?

உங்கள் பெயரில் வந்து நின்றேன். எந்தப் பெட்டியில் போடுவது? கேள்விக்குறி போட்டேன். பிராவ் கெர்பர் பேனா நுனியால் அதைத் தொட்டு, "இவர்?" என்றார். நான் உங்களைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். எங்கள் ஊரில் ஒருவரைத் தங்கமான மனிதர் என்று காட்டச் சொல்வது போல, "அவர் பிரச்சினை இல்லாத மனுசர். எங்கை விட்டாலும் இருப்பார்," என்று சொன்னேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மாற்றியது ஒரேயொரு ஆளை. சவர்லாந்து மலைக்காட்டுக்குள் ஒரு சிற்றூர், பள்ளிக்கூடமாக இருந்த வீடு, அங்கே உங்களுக்கு ஓர் அறை. மற்ற எல்லாரும் தத்தம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள், அவர்களைப் பிரித்தால் இன்னும் சண்டை வரும் என்று அலுவலகம் நினைத்திருக்கும். எந்தப் பக்கமும் ஒட்டாதவரைப் பிடுங்குவது சுலபம்.

நீங்கள் பெட்டி கட்டும்போது ஹுசைன் வந்து, "மச்சான், ஆர் உங்களைக் காட்டிக்கொடுத்தது?" என்று கேட்டார். "அலுவலகம்தான்," என்றீர்கள். அவர் நம்பவில்லை. கரீமின் வேலை இது என்றார். கரீமிடம் கேட்டால், பக்கம் சேராத மச்சானை ஹுசைனே அனுப்பிவிட்டான் என்றார். ஒரு கிழமைக்குள் இரண்டு அடுப்பிலும் அதுதான் கதை. நான் இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டேன்.

உங்களைப் பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தேன். சாரதிக்குப் பின்னாசனத்தில் இருந்தீர்கள். கண்ணாடிக்குள்ளால் கை காட்டினீர்கள்.

அங்கேயிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹைமின் நடைக்கூடத்தில் இருந்த தொலைபேசிக்கு எடுத்தீர்கள். புஷ்பா அக்கா எடுத்து, கையால் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, "தம்பி, நாதிர் அண்ணை, ஓடி வா," என்றார். நான் தலையை ஆட்டினேன். "நான் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

"ஏனடா? பாவம் அந்த மனுசன், தனிச்சுப்போய் எடுக்குது."

"ஏலாது அக்கா. சொல்லுங்கோ."

அவர் சொன்னார். நீங்கள் நன்றி சொல்லி வைத்தீர்களாம். பிறகும் இரண்டு முறை எடுத்தீர்கள், இரண்டு முறையும் நான் இல்லை என்றே சொல்லவைத்தேன். உங்களை வந்து பார்ப்பதென்றால், எங்களுக்கு மாவட்டத்தை விட்டு வெளியேற அனுமதித்தாள் வேண்டும் என்பது உண்மை. அந்தத் தாளுக்கு நான் ஒரு தடவையாவது விண்ணப்பித்தேனா என்று கேட்டால், இல்லை.

வந்த குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு. அறைக்குள் கிடந்த உங்களை இரண்டாம் நாள்தான் கண்டார்களாம். அந்த வீட்டில் உங்கள் மொழி பேசுகிறவர் எவரும் இருக்கவில்லை. அடக்கத்துக்குப் போகத்தான் நான் அந்த அனுமதித்தாளை எடுத்தேன்.

பக்கத்து நகரத்துப் பொதுமயானத்தில் ஒரு மூலை முஸ்லிம்களுக்கு. கரீம் தன் ஆட்களோடு வந்தார். ஹுசைன் தன் ஆட்களோடு வந்தார். எந்த முறையில் தொழுவது என்று அங்கேயும் தொடங்கியது. ஒரு துருக்கிக்கார ஹோஜாவை நகரத்துப் பள்ளிவாசலிலிருந்து அழைத்திருந்தார்கள். வயதானவர், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "முகத்தை எந்தப் பக்கம் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியும். அது காணும்," என்று சொல்லித் தொழுகையைத் தொடங்கினார். குழிக்கு இந்தப் பக்கம் கை கட்டிக்கொண்டு கரீமின் ஆட்கள் ஒரு வரிசை, அந்தப் பக்கம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹுசைனின் ஆட்கள் ஒரு வரிசை. நான் கால்மாட்டில் மண்வெட்டியோடு நின்றேன்.

மண் போட்டு முடிந்ததும் ஹுசைன், கரீமைப் பார்த்து, "இவரை இந்தக் காட்டுக்கு அனுப்பின ஆக்களுக்கு இப்ப நிம்மதியோ?" என்று கேட்டார். கரீம், "அதை உன்ரை நெஞ்சிலை கை வைச்சுக் கேள்," என்றார். ஹோஜா இருவருக்கும் நடுவில் போய் நின்றார். நாதிரை அனுப்பியது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. எத்தனை கண்கள் என்னைப் பார்த்தன, கண்ணீரோடு. "நீயாவது அவருக்கு அண்ணன் தம்பியாய் இருந்தாய்," என்று ஹுசைன் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு கரீமும் கட்டிப்பிடித்தார். அந்த இரண்டு அணைப்பையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஹைமை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே தரைவிரிப்பு விற்கிறார்கள். புஷ்பா அக்கா குடும்பத்தோடு கனடா போய்விட்டார். எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. ஆஹெனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கலியாணம் செய்யவில்லை. ஒரே அறை. நான் பேசாவிட்டால் அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. சில நாட்களில் வேலை முடிந்து வந்து தேநீர் போட்டு, பழக்கத்தில் இரண்டு குவளையை எடுத்துவிடுவேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன்.

உங்கள் காபூல் கரீமின் ஆட்களுக்கும் கிடைக்கவில்லை, ஹுசைனின் ஆட்களுக்கும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஒரு படை வந்து இரண்டு பேரையும் துரத்திவிட்டது. மூன்று வருடமாகிறது. அது கேட்டபோது, சரி, இனிமேலாவது இங்கே இருப்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் நடக்காதாம். நகரம் போனபிறகு, யாரால் போனது என்று சண்டை. இரண்டு பேரும் ஹம்பூர்க்கில் இருக்கிறார்கள், மூன்று தெரு தள்ளி. ஒருவர் வரும் கடைக்கு மற்றவர் போகமாட்டார்.

போன சனிக்கிழமை காலை உங்கள் மகள் மர்யம் என்னைப் பார்க்க வந்தாள்.

ஹுசைன் அவளை இரண்டு வருடத்துக்கு முன் இங்கே எடுப்பித்தாராம். இருபத்தொரு வயது. உங்கள் புருவம். அவளுடைய ஜெர்மன் எங்கள் இருவருடையதையும் சேர்த்தாலும் எட்டாத ஜெர்மன். ஆஹென் ரயில் நிலையத்துக்குள் ஒரு கோப்பிக் கடையில் இருந்தோம். வந்த காரியத்தை நேராகச் சொன்னாள். கரீமின் மகன் வஹீத்தும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பையன் நல்லவன், பஸ் கராஜில் தொழில் பழகுகிறான் என்றாள். அதைச் சொல்லும்போது உங்களை நினைத்துச் சிரித்தாள். ஆனால் ஹுசைன், "உன்ரை தகப்பனைக் காட்டுக்கு அனுப்பிக் கொன்ற வீட்டுக்கு உன்னை எப்பிடிக் குடுக்கிறது?" என்கிறார். கரீமும், "சொந்த மச்சானையே அனுப்பின மனுசன்ரை வீட்டிலை சம்பந்தமோ?" என்கிறார். இரண்டு வீட்டுக் கதவும் அடைத்துவிட்டது.

"நீங்கள் ரெண்டு பக்கமும் இல்லாதவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆர் அனுப்பினது?" என்று கேட்டாள்.

பிராவ் கெர்பரும் அதே காரணத்தைத்தான் சொன்னார், அண்ணை. இரண்டு பக்கமும் இல்லாதவர்.

அலுவலகம் என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஐந்து வருடம் பழகிய பதில். கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்தேன். கடைசியில், "நான்தான் பிள்ளை," என்றேன். பிறகு எல்லாம் கொட்டினேன். தாள், அடிமட்டம், கேள்விக்குறி, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம், தொலைபேசி, மயானம். அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

நீங்கள் அந்தக் காட்டிலிருந்து பெஷாவருக்குக் கசெட்டில் பேசி அனுப்பினீர்களாமே. கடிதத்துக்குப் பதில் உங்கள் ஆட்கள் அப்படித்தான் அனுப்புவீர்கள் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். அதில் சொன்னீர்களாம்: ஜெறோம் என்று ஒரு தமிழ்ப் பொடியன், என் தம்பி, நான் நல்ல மனுசன் என்று அலுவலகத்தில் சொல்லிப்போட்டான், அதனால் எனக்குத் தனியறை தந்திருக்கிறார்கள், யன்னலைத் திறந்தால் மரம், ஹுசைனுக்கோ கரீமுக்கோ இதைச் சொல்லிவிடாதேயுங்கள், பொடியனைப் போட்டுத் தின்றுவிடுவார்கள்.

யார் சொன்னது உங்களுக்கு? பிராவ் கெர்பரா? பெட்டி கட்டும்போதே தெரியுமா? பஸ் கண்ணாடிக்குள்ளால் கை காட்டும்போது? மூன்று முறை தொலைபேசி எடுத்தது அதைப் பேசவா, அல்லது சும்மா என் குரலைக் கேட்கவா? மரம் தெரிகிறது என்று நீங்கள் சொன்னது உண்மையான சந்தோசமா, பெஷாவரில் இருப்பவர்களுக்காகச் சொன்னதா? மர்யத்திடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "அப்பா சிரிச்சுக்கொண்டுதான் கதைச்சவர். அம்மா மட்டும் கேட்டுட்டு, தனியறை எண்டால் அவர் ஆரோடை தேத்தண்ணி குடிப்பார் எண்டு கேட்டவா," என்றாள்.

தெரிந்துகொண்டே ஏன் வந்து கேட்டாய் என்றேன். கசெட்டைப் போட்டுக் காட்டியிருக்கலாமே, மாமனுக்கும் கரீமுக்கும்.

"அப்பா சொல்லவேண்டாம் எண்டவர். நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்," என்றாள். "நீங்கள் அலுவலகம் எண்டு சொல்லியிருந்தால் நான் கோப்பியைக் குடிச்சிட்டு அடுத்த ரயிலிலை போயிருப்பன்."

மன்னித்தாளா? நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. ரயில் வந்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், ஜெர்மன்காரர் போல. ஏறிய பிறகு திரும்பி, அடுத்த கிழமை ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டு பேரையும் ஒரே இடத்துக்கு வரச் செய்கிறேன், அப்பாவுக்காக என்று சொன்னால் வருவார்கள் என்றாள். விலாசத்தைத் தாளில் எழுதித் தந்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணை. அடிப்பார்கள் என்ற பயம் இல்லை. வருடத்தில் இரண்டு பெருநாளுக்கும் இந்த இரண்டு மனிதரும்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள். "நாதிரின்ரை தம்பி, சுகமா?" என்பார்கள். எனக்கு இந்த நாட்டில் வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதுவும் இருக்காது. அதை இழக்க மனமில்லாமல்தான் ஐந்து வருடம் இரண்டு வீட்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக விட்டுவைத்தேன். இதை எழுதும்போதுதான் இவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது.

எங்கள் சனம் இதை வாசிக்க வேண்டும் என்றேனே, காரணம் இதுதான். இரண்டு பக்கமும் இல்லாதவர்கள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொண்டு எத்தனை இடத்தில் நிற்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன், சமையலறையில் நின்றேன், மயானத்தில் நின்றேன். எங்கேயும் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டு நான் எழுந்து போன அந்தக் கேள்விக்குப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்கள் தாங்களாகப் போகவில்லை, அண்ணை. போகச் செய்தோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போவேன். ஹுசைன் ஒரு பக்கமும் கரீம் ஒரு பக்கமும் இருப்பார்கள். நடுக்கதிரையில் இருக்கமாட்டேன், நின்றுகொண்டே சொல்வேன். நாதிர் அண்ணையைக் காட்டுக்கு அனுப்பியது கரீமும் இல்லை, ஹுசைனும் இல்லை, நான். கேட்டுவிட்டு என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். போகுமுன் இரண்டாம் தடவையும் சொல்வேன், ஒருவருக்கும் கேட்கவில்லை என்று இருந்துவிடக்கூடாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகளுடைய கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாத கலியாணம் ஒன்று நடந்தால் போதும் எனக்கு.

நீங்கள் காட்டிக்கொடுக்காத தம்பி,
ஜெறோம்
ஆஹென்